ஏழுக்கு அப்புறம் ஆறு

அந்தப் படத்துக்கு முறையான பெயர் ஒன்று உண்டு. திரைப்படச் சங்கத்தில் யாரும் அதைச் சொல்வதில்லை. இடிப்படம் என்றால்தான் தெரியும்.

இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஓர் எழுத்தாளனின் வாழ்க்கை அது. ஊர்ப் பெரிய மனிதர்களின் படுக்கையறைகளைப் பற்றி எழுதி, பெயரைக் கெடுத்துக்கொண்டு, சிறைக்கும் போய்வந்து, நரை விழுவதற்குள் செத்துப்போனவன். அவனை வாய்க்கு வந்தபடி திட்டியவர்கள்தான் அவன் புத்தகத்தைத் தலையணைக்கடியில் வைத்திருந்தார்கள். படம் எடுத்தவருக்கு ஆசை பெரிது. தணிக்கைக் குழுவோ, அந்த ஆள் எழுதியதில் ஒரு வரிகூட யார் காதிலும் விழக்கூடாது என்று சொல்லிவிட்டது. இயக்குநர் அசரவில்லை. எழுத்தாளன் தாளை எடுத்துப் படிக்க வாயைத் திறக்கும்போதெல்லாம் ஓர் இடியைச் சேர்த்துவிட்டார். வெயில் கொளுத்தும் மத்தியானத்தில் இடி. சிறைக்குள் இடி. நீதிபதி முன்னால் இடி. உதடு அசையும், இடி இடிக்கும், கேட்டுக்கொண்டிருக்கும் சீமாட்டிகள் வெட்கத்தில் முகத்தை மூடிக்கொள்வார்கள். அரங்கில் இருப்பவர்கள் தரையைக் காலால் உதைத்துத் தாங்களும் இடிப்பார்கள்.

கதாநாயகனின் மீசை சீனுக்குச் சீன் பருத்து இளைக்கும். குதிரை வண்டிக்குப் பின்னால் மின்கம்பம் நிற்கும். குரல் கொடுத்தவருக்கு ஜலதோஷம். வந்த வேகத்தில் தியேட்டரை விட்டு ஓடிய படம். மிஞ்சிய ஒரே பிரதியைப் பழைய இரும்புக் கடையிலிருந்து சங்கம் தூக்கி வந்தது. ஆனாலும் அதில் ஏதோ இருந்தது. கேலி செய்ய வந்தவர்கள் கடைசி ரீலில் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருப்பார்கள். வருஷத்துக்கு ஒருமுறை, ஒரு ஞாயிறு பிற்பகல், இடிப்படம் ஓடும். நிற்க இடம் இருக்காது.

எல்லாருக்கும் பிடித்த இடம் ஒன்று உண்டு. எழுத்தாளன் செத்துப்போகிறான். புதைக்கிறார்கள். மனைவி ஒரு பிடி மண் போடுகிறாள். அடுத்து, அதே மனைவி சமையலறையில் இருக்கிறாள். கதவு தட்டுகிற சத்தம். திறக்கிறாள். செத்தவன் மழையில் நனைந்துகொண்டு நிற்கிறான். "இவ்வளவு நேரமா?" என்கிறாள். "வழியில் பேசிக்கொண்டிருந்தேன்" என்கிறான். "யாரோடு?" அவன் பதில் சொல்வதில்லை. உட்கார்ந்து சாப்பிடுகிறான்.

அவ்வளவுதான். ஏன் வந்தான், எப்படி வந்தான், படம் சொல்வதில்லை. சங்கத்தில் "தத்துவம்" என்று ஒருவர் உண்டு. பஸ் கம்பெனியில் வண்டிகளுக்கு நேரம் போட்டுக்கொடுப்பது அவர் வேலை. சங்கத்து இதழில் இந்த ஒரு இடத்தைப் பற்றி மட்டும் இருபது பக்கம் எழுதியிருக்கிறார். உலக சினிமாவில் காலத்தை இப்படி மடக்கியவர் வேறு யாருமில்லை என்பது அவர் கட்சி.

அது ரீல் மாறிய தவறு என்று தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருத்தி போன மழைக்காலத்தில் போய்விட்டாள். மற்றவன் இப்போது பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தான்.

"நல்லாத் திறங்க மாப்பிள்ளை. அப்படித்தான். ஒரு சேதி சொல்றேன், ஆடக்கூடாது," என்றார் பல் டாக்டர். அவர்தான் சங்கத்துச் செயலாளர். சங்கத்தில் எல்லாருக்குமே அவன் மாப்பிள்ளைதான். ப்ரொஜெக்டர் ஓட்டிய பெண்ணைக் கட்டியவன் வேறு என்னவாக இருக்க முடியும்? அவள் போன பிறகு உறவுமுறை மட்டும் மிச்சமிருந்தது.

"இடிப்படத்துல பொண்டாட்டியா நடிச்சாங்களே, அந்தம்மா உயிரோட இருக்காங்க! நம்ம நர்ஸோட அக்கா குடியிருக்கிற அதே தெரு. போய்ச் சேர்ந்துட்டாங்கன்னு நாமளே முடிவு கட்டி, வருஷா வருஷம் எழுந்து நின்னு அஞ்சலி செலுத்தினோமே, அதையும் சொல்லிட்டேன். விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க. இந்த ஞாயித்துக்கிழமை காட்சிக்கு வர்றாங்க. முடிஞ்சதும் கேள்வி பதில். எப்படி?"

"ஆ," என்றான் அவன்.

"எனக்கும் அப்படித்தான். பேச்சே வரலை."

மரத்த தாடையோடு வீட்டுக்கு நடந்தான். ஒரு பக்க முகம் தன்னுடையதாகவே இல்லை. அதில் புதிதாக ஒன்றுமில்லை என்று தோன்றியது. ஏழெட்டு மாதமாக ஆள் முழுக்கவே அப்படித்தான் இருந்தான். நில அளவை அலுவலகத்துக்குப் போனான், வரைபடங்களில் எல்லைக் கோடு போட்டான், வந்தான். சங்கத்தில் அவள் இடத்தில் நின்று ப்ரொஜெக்டர் ஓட்டினான். அவள் சொல்லிக்கொடுத்த வேலை. கை செய்தது. ரீல் மாற்றச் சொல்லி மூலையில் மின்னும் புள்ளியைத் தவிர, திரையை மட்டும் அவன் பார்ப்பதில்லை. யாராவது எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் பரவாயில்லை என்றான். அது பொய்யும் இல்லை. எதுவுமே தெரியாதவனுக்கு எல்லாமே பரவாயில்லைதான்.

அவளை அவன் முதன்முதலில் பார்த்ததே இந்தப் படத்தால்தான். அப்போது அவன் சங்கத்துக்குப் புதிது. இடிப்படத்தின் முதல் காட்சி. முடிந்ததும் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவன் மட்டும் மாடிப்படி ஏறி ப்ரொஜெக்டர் அறைக் கதவைத் தட்டினான். வெள்ளைக் கையுறை போட்ட ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

"செத்தவன் எப்படிங்க திரும்பி வந்தான்?"

"ஏன், வரக்கூடாதா?" என்றாள். பிறகு அவள் முகம் மாறியது. திரும்பி, தகர டப்பாக்களைப் பார்த்தாள். துருவைச் சுரண்டி, மூடிகளில் புதிதாக எண் எழுதியது அவள்தான். ரீலின் முனையில் இருக்கவேண்டிய எண்கள் கிழிந்து போயிருந்ததால் மூடியை நம்புவது தவிர வழியில்லை. ஆறாவது டப்பாவையும் ஏழாவது டப்பாவையும் திறந்து, ரீலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவனை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"மூடி மாறிப்போச்சு. வெளியே மூச்சு விட்டீங்க, கொன்னுடுவேன்."

அவன் மூச்சு விடவில்லை. கீழே தத்துவம் மேடையேறி, இது மேதைமை என்று முழங்கிக்கொண்டிருந்தார். அவள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அடுத்த வருஷம் சரியாக ஓட்டலாம் என்றாள். அதற்குள் இருபது பக்கக் கட்டுரை வந்துவிட்டது. அதற்கும் அடுத்த வருஷம் அவர்களுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. மூடிகள் மாறியபடியே இருந்தன.

வீட்டில் அது விளையாட்டாகிப்போனது. அவன் அலுவலகத்திலிருந்து வந்து கதவைத் தட்டுவான். திறந்ததும், "இவ்வளவு நேரமா?" என்பாள். "வழியில பேசிட்டு இருந்தேன்." "யார்கூட?" அதற்கு அவன் பதில் சொல்லக்கூடாது. நேரே போய்க் கை கழுவ வேண்டும். ஒருமுறை மறந்துபோய் "மேனேஜர்கூட" என்று சொல்லிவிட்டான். வெளியே போய் மறுபடி தட்டச் சொன்னாள்.

இப்போது அந்த நடிகை வருகிறார். அவருக்கு வரிசை தெரியும். கேள்வி பதிலில் மைக்கைப் பிடித்து, இது என்ன கூத்து, செத்தவன் எங்கே திரும்பி வந்தான் என்று கேட்டால் போதும். அத்தனை வருஷமும் படத்தைத் தப்பாக ஓட்டியவள் யார் என்று எல்லாருக்கும் தெரியும். சிரிப்பார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, செல்லமாகத்தான் சிரிப்பார்கள். அதைத்தான் அவனால் நினைக்க முடியவில்லை. தங்கள் இருவருக்குள் இருந்த சிரிப்பு அது. ஊர் சிரித்து முடித்தபின் அதில் என்ன மிஞ்சும்?

சரியான வரிசையில் ஓட்டிவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியவேண்டாம். புதுப் பிரதி கிடைத்தது, கொஞ்சம் வேறு மாதிரி இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம். தத்துவம் இன்னொரு இருபது பக்கம் எழுதிக்கொள்வார்.

சனிக்கிழமை மாலை போய் மூடிகளை மாற்றினான். இத்தனை வருஷத்தில் தகரம் அந்தந்த டப்பாவுக்கு ஏற்ப நெளிந்துவிட்டிருந்தது. சரியான மூடி சரியான டப்பாவில் உட்கார மறுத்தது. ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டித் தட்டித்தான் ஏற்ற வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அரங்கு நிரம்பி வழிந்தது. முதல் ரீலை மாட்டிக்கொண்டிருக்கும்போது படியில் கைத்தடிச் சத்தம் கேட்டது. பின்னாலேயே பல் டாக்டரின் கெஞ்சல். "மேடம், உங்களுக்கு முன்வரிசையில சோபா போட்டிருக்கோம் மேடம்."

"அதுல நீங்க உட்காருங்க," என்றபடி ஒரு சின்ன உருவம் உள்ளே வந்தது. வெளுத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார். "என் மூஞ்சியை அவ்ளோ பெருசா பார்க்கிற தெம்பு எனக்கில்லை. இந்தச் சுவத்து ஓட்டை வழியா பார்த்தா கையளவுதான் தெரியும். அது போதும். என்ன தம்பி, இடைஞ்சலா?"

"இல்லைங்க மேடம்."

"மேடம் கீழே. இங்க அம்மான்னே சொல்லுங்க."

அவன் மனைவி வழக்கமாக உட்காரும் ஸ்டூலில் நடிகை உட்கார்ந்தார். வேறு இடமில்லை.

முதல் இடி இடித்தபோது கட்டடமே அதிர்ந்தது. நடிகை கைத்தடியை இறுகப் பிடித்துக்கொண்டார். பிறகு புரிந்து, வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். "பாவி மனுஷன். அந்த இடியைத் தகரத்தை ஆட்டித்தான் எடுத்தார். இப்படி ஒரு காலம் வரும்னு பார்க்காம போய்ட்டாரே."

நான்காவது ரீல் வரை அவர் அதிகம் பேசவில்லை. பையிலிருந்து மிட்டாய் எடுத்துத் தந்தார், தானும் ஒன்று போட்டுக்கொண்டார். ஐந்தாவது ரீலில் வழக்கு விசாரணை தொடங்கியது. அவன் அடுத்த மெஷினில் ஆறாவது ரீலை மாட்டி, ஃபிலிமைப் பற்சக்கரங்களில் கோத்து முடித்தான். சரியான ஆறு.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். கீழே ஒருத்தர் என் கையைப் பிடிச்சவர் விடவே இல்லை. பஸ் கம்பெனின்னாரு."

"தத்துவம்."

"என்னது?"

"அவரை அப்படித்தாம்மா கூப்பிடுவோம்."

"சரிதான். அவன் செத்துட்டு வந்து கதவைத் தட்டும்போது நீங்க பார்ப்பீங்களே அம்மா ஒரு பார்வைன்னு கண்ணு கலங்குறாரு. நானும் தலையாட்டி வெச்சேன். செத்தவன் எப்போ வந்து தட்டினான்? எனக்குத்தான் மறந்துபோச்சா?"

மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. மறந்திருக்கும் என்று சொல்லிவிடலாம். வயதானவர், நம்பிவிடுவார். அவன் அவரைப் பார்த்தான். அவர் அவள் ஸ்டூலில் உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு, அவள் பார்க்கிற ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மறக்கலைம்மா. படத்துல அப்படி இல்லை. இங்க மட்டும்தான் அப்படி."

சொன்னான். துரு, மூடி, முதல் காட்சி, இருபது பக்கம். யாரிடமும் சொல்லாததை இவ்வளவு சின்னதாகச் சொல்லிவிட முடிந்தது அவனுக்கே வியப்பாக இருந்தது.

நடிகை நெற்றியைச் சுருக்கிக் கேட்டார். "உங்க வீட்டம்மா எங்கே? கூப்பிடுங்க. கும்பிடணுமா திட்டணுமான்னு ஆளைப் பார்த்துட்டு முடிவு பண்றேன்."

"இல்லைம்மா. போன மழைக்காலத்துல. மூணே வாரம்."

அவர் ஐயோ என்று சொல்லவில்லை. தான் உட்கார்ந்திருந்ததைக் குனிந்து பார்த்தார்.

"இது அவங்க ஸ்டூலா?"

"ஆமா."

"ஒரு கால் ஆடுது."

"டிக்கெட்டை மடிச்சு அடியில வெச்சிருந்தா. பெருக்கும்போது போயிருக்கும்."

கீழே எழுத்தாளன் கூண்டில் நின்று ஒரு பத்தியை வாசித்தான். இடி. கூட்டம் உதைத்தது. அது அடங்கியதும் நடிகை சொன்னார்:

"அந்தச் சாப்பாட்டு சீனை எல்லாப் பத்திரிகையும் கிழிச்சுத் தொங்கப் போட்டுச்சு, தெரியுமா? புருஷன் வீட்டுக்கு வர்றான், இந்தம்மா பேயைப் பார்த்த மாதிரி முழிக்குதுன்னு எழுதினாங்க. நியாயம்தான். அதுக்கு முன்னாடி ஒண்ணுமே நடக்கலையே. அதோட என்னை யாரும் கூப்பிடலை. ஸ்கூல்ல பாட்டு டீச்சராப் போனேன்."

"ஏன் அப்படிப் பார்த்தீங்க?"

"கல்லறைத் தோட்டம் ஒரே நாள்தான் கிடைச்சுது தம்பி. அதனால புதைக்கிறதை முதல்ல எடுத்துட்டாங்க. பெட்டிக்குள்ள எழுத்தாளனா நடிச்சவரே படுத்திருந்தார், மூஞ்சியில மாவு பூசிக்கிட்டு. மண்ணள்ளிப் போட்டேன். சின்ன வயசு. நிஜமாவே அழுதுட்டேன், வீட்டுக்குப் போயும் அழுகை நிக்கலை. மறுநாள் காலையில கதவைத் திறக்கிறேன், அதே ஆள் சொட்டச் சொட்ட நனைஞ்சுக்கிட்டு நிக்கிறார். நான் என்ன பண்ணுவேன்? சாதாரணமாப் பாரும்மான்னு டைரக்டர் கத்துறார். திரும்பத் திரும்ப எடுத்தார். வரலை. ஃபிலிம் தீர்ந்துபோய் அதையே வெச்சுட்டார்."

அவன் கோத்து வைத்த ஆறாவது ரீலைப் பார்த்தான்.

"இன்னிக்கு எப்படி ஓட்டப் போறீங்க?"

"சரியான வரிசையிலதாம்மா."

"யாருக்காக?"

"நீங்க வர்றீங்கன்னுதான். தப்பா ஓட்டி, நீங்க அதை மைக்குல சொல்லி, எல்லாரும் அவளை…" முடிக்கவில்லை.

"ஓகோ." இன்னொரு மிட்டாயின் தாளைப் பிரித்தார். "ஓட்டுங்க. சரியா ஓட்டினா என் மூஞ்சி தப்பாயிடும். அது எனக்குப் பழகினதுதான்."

ஐந்தாவது ரீலில் மெலிந்த சுற்றுதான் மிச்சம் இருந்தது. அவன் கை தானாக எழுந்தது. கோத்து வைத்த ஆறை உருவி எடுத்தான். ஏழாவது டப்பாவின் மூடி பிடிவாதம் பிடித்தது. முழங்காலில் இடுக்கி நெம்பினான். நடிகை எழுந்து நின்று டார்ச் பிடித்தார். கேட்டுப் பிடிக்கவில்லை, தானாகவே பிடித்தார். ஃபிலிம் கடைசிச் சக்கரத்தில் ஏறுவதற்கும் திரையின் மூலையில் முதல் புள்ளி மின்னுவதற்கும் சரியாக இருந்தது. இரண்டாவது புள்ளி. மாற்றினான்.

எழுத்தாளன் செத்தான். பெட்டி இறங்கியது. இருபது வயதுப் பெண் ஒரு பிடி மண்ணோடு நின்றாள். அருகில் நின்றவர் மூக்கை உறிஞ்சும் சத்தம் அவனுக்குக் கேட்டது.

பிறகு ஆறு. சமையலறை. அவன் ஓட்டை அருகே போனான். ஏழெட்டு மாதத்தில் முதல்முறையாகத் திரையை முழுதாகப் பார்த்தான்.

கதவு தட்டுகிற சத்தம். "வந்துட்டான்யா!" என்று அரங்கம் ஒரே குரலில் கத்தியது. அவள் கதவைத் திறந்தாள். கத்தல் அப்படியே அடங்கியது. அந்தப் பார்வை. நம்பாமலும், நம்பாததைக் காட்டிவிட்டால் போய்விடுவானோ என்று பயந்தும்.

"இவ்வளவு நேரமா?"

கடைசி வாரத்தில் ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போக அவனுக்குத் தாமதமாகிவிட்டது. அவள் கண்ணைத் திறக்காமலே அதைக் கேட்டாள். வழியில பேசிட்டு இருந்தேன் என்றான். வெளி வராந்தாவில் டாக்டரோடு பேசிக்கொண்டிருந்தான். யார்கூட என்று அவள் கேட்கவில்லை. அவன் கையைக் கழுவிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

திரையில் எழுத்தாளன் சாப்பிட்டான். மனைவி எதிரில் உட்கார்ந்து பார்த்தாள். பிறகு நண்பர்கள் வந்தார்கள், யாரோ வாசிக்கச் சொன்னார்கள், இடித்தது. எதுவும் அவனுக்குத் தெளிவாகத் தெரியவில்லை. மூலையில் புள்ளி மின்னியதா என்றும் தெரியவில்லை.

"தம்பி," என்றார் நடிகை. "தம்பி, வெள்ளை."

திரை வெறுமையாகப் பளிச்சென்று நின்றது. அந்த அறையில் அப்படி நடந்ததே இல்லை. கீழேயிருந்து விசில் பறந்தது.

"மாப்பிள்ளே! தூங்கிட்டியா?"

"மாமனார் வீடுன்னு நினைப்பு!"

பாய்ந்து மாற்றினான். எட்டாவது ரீல் ஓடத் தொடங்கியது. சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான். துடைக்கத் துடைக்க வந்தது. நடிகை திரும்பிப் பார்க்கவில்லை. ஓட்டை வழியாகத் திரையைப் பார்த்தபடியே மிட்டாய் ஒன்றைப் பின்பக்கமாக நீட்டினார்.

கேள்வி பதிலுக்கு அவரைப் பல் டாக்டர் கைத்தாங்கலாக அழைத்துப் போனார். அவன் மேலேயே நின்று கேட்டான். தத்துவம்தான் முதலில் எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

"அம்மா, பல வருஷமா எங்களைத் தூங்கவிடாத கேள்வி. இறந்தவனை இயக்குநர் ஏன் திரும்ப வரவழைச்சார்? இதுக்குப் பின்னால இருந்த சிந்தனை என்ன? படப்பிடிப்புல உங்ககிட்ட என்ன சொன்னார்?"

அரங்கம் காது கொடுத்தது. அவன் ஓட்டையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

நடிகை மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"சிந்தனை எல்லாம் எனக்கு எங்கே தெரியும்? நான் சமையல்கட்டுல இருந்தேன். கதவு தட்டுற சத்தம் கேட்டுது. போய்த் திறந்தேன். வந்து நிக்கிறவரை எப்படி வந்தீங்கன்னா கேப்பாங்க?"

யாரும் சிரிக்கவில்லை. பிறகு, முன்வரிசையில் தொடங்கிய கைதட்டல் பின்னால் வரை போனது. தத்துவம் உட்கார்ந்து, எதையோ வேகவேகமாக எழுதிக்கொண்டிருந்தார்.

அவன் ரீல்களை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சுற்றினான். இன்றைய நுழைவுச்சீட்டு ஒன்றை நான்காக மடித்து ஸ்டூல் காலுக்கு அடியில் செருகினான். அசைத்துப் பார்த்தான், ஆடவில்லை. கடைசியாக அந்த இரண்டு டப்பாக்களை எடுத்தான். ஏழாவது ரீலின் மேல் ஆறாம் எண் மூடியை வைத்தான். தட்ட வேண்டியிருக்கவில்லை. வைத்ததும் உட்கார்ந்துகொண்டது.